பாழ் சுவருக்குப் பாராட்டு!

சுவரிலே பூசிய வண்ணம் உரிந்து, காய்ந்த சருகெனத் தொங்குகிறது. சன்னற் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. அந்த வழியே நுழைந்த கொடி, கூடத்தின் நடுவரை படர்ந்திருக்கிறது. சாய்வாக விழும் வெயிலிலே, சக்கரம் கழன்ற நாற்காலி ஒன்று, தன்னந்தனியே! இது படம். படத்தின் கீழே பாராட்டுரை: என்னே எழில்! என்னே அமைதி!

அமைதியாம்!

அந்தக் கூடம் எது, அந்த நாற்காலியிலே அமர்ந்திருந்தது யார், தாமாக வந்தாரா, தள்ளப்பட்டாரா, எத்தனை ஆண்டு இருந்தார், எப்படி வெளியேறினார், நடந்தா அல்லது நால்வர் தூக்கியா — இவற்றில் ஒன்றையும் கேளாமலேயே எழிலைக் கண்டுவிடுகின்றனர், எழில் உபாசகர்கள். அமெரிக்காவிலே கைவிடப்பட்டுக் கிடக்கும் அரசு மனநோய் மருத்துவமனைகளைப் படமெடுப்பதும், அவற்றை வழவழப்பான தாளிலே பெரும் நூல்களாக அச்சிடுவதும், வரவேற்பறைச் சுவரிலே மாட்டி மகிழ்வதும், இந்த நூற்றாண்டு பிறந்ததிலிருந்து தனியொரு கலையாகவே வளர்ந்துவிட்டன. மாசசூசெட்ஸ் மாநிலத்து டான்வர்ஸ், பென்சில்வேனியாவின் பைபெரி, பென்ஹர்ஸ்ட், நியூயார்க்கின் வில்லர்ட் — அந்த வட்டாரத்திலே இவை திருத்தலங்கள்! வேலி தாண்டி, காவல் ஏய்த்து, 'தரிசனம்' செய்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

கடல் கடந்த நாட்டுச் சங்கதிதானே, நமக்கென்ன என்று இருந்துவிடலாம். இருக்க முடியவில்லை. இங்குள்ள இளைஞர்களின் கைப்பேசிகளிலும் அந்தப் படங்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. நாம் பாடம் நடத்தும் பள்ளியிலே மாணவன் ஒருவன் அப்படியொரு படத்தை நீட்டி, "அரண்மனையா, ஐயா?" என்று கேட்டான். அவன் கேட்டதிலே பிழையில்லை. கோபுரம் இருக்கிறது, வளைவுகள் இருக்கின்றன, நீண்ட நெடிய தாழ்வாரம் இருக்கிறது. அதிலே அடைபட்டுக் கிடந்தவர்கள் மட்டும் படத்திலே இல்லை. பார்ப்பவன் எப்படி அறிவான்?

கலைக்குப் பகைவரல்லர் நாம். கிறிஸ்டோபர் பெயின் என்னும் படக்கலைஞர், கட்டிடக்கலை பயின்றவர், ஆறு ஆண்டுகள் அலைந்து, 30 மாநிலங்களில் 70 மருத்துவமனைகளைப் படமெடுத்து, 2009-ல் நூலாக்கினார். மருத்துவ அறிஞர் ஆலிவர் சாக்ஸ் அதற்கொரு கட்டுரை வழங்கினார். உழைப்பு மெய், கவனம் மெய். அந்த நூலிலே ஒரு படம்: ஹட்சன் ரிவர் மருத்துவமனை நோயாளிகளின் பல் துலக்கும் பிரஷ்கள், வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கு உரியது. அந்த வாய் பேசியதைக் கேட்டவர் எவருமில்லை. அதைக் கண்டு துணுக்குறாத நெஞ்சம் நெஞ்சமல்ல. ஆனால் அத்தகைய ஒரு படத்துக்குப் பின்னே ஆயிரம் படங்கள் ஓடி வருகின்றனவே, உரிந்த சுவர், உடைந்த பியானோ, ஒளிக்கீற்று என்று ஒரே அச்சிலே வார்த்த படங்கள், அவற்றோடும், அவற்றுக்குக் கைதட்டும் கூட்டத்தோடும்தான் நமக்கு வழக்கு.

பாழைக் கண்டு பரவசமடைவது சீமான்களின் பழைய பொழுதுபோக்கு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே, தம் தோட்டத்திலே இடிந்த கோட்டை இல்லையே என்று ஏங்கிய பிரபுக்கள், கொத்தனாரை அழைத்து, இடிந்த கோட்டையைப் புதிதாகவே கட்டிக்கொண்டனர்! ஹேக்லி பூங்காவிலே 1740-களில் சாண்டர்சன் மில்லர் எழுப்பிய பொய்ப்பாழ் இன்றும் நிற்கிறது. பிரெஞ்சு ஓவியர் உபேர் ரொபேர், லூவர் மாளிகையின் கூரை சரிந்து கிடப்பதாக 1796-ல் கற்பனை செய்து தீட்டினார். தலைக்கு மேலே கூரை உறுதியாக உள்ளவனுக்கு, சரிந்த கூரை இன்பம் தரும். ஒழுகும் குடிசையிலே சட்டி வைத்து மழைநீர் ஏந்துகிறவன், அந்த ஒழுக்கலைப் படமாக்கி மாட்டியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. போகட்டும், பிரபுவின் பொய்க்கோட்டையிலே எவரும் சாகவில்லை. அந்த மட்டுக்கும் அது குற்றமற்ற கோமாளித்தனம். நாம் பேசும் கட்டிடங்கள் அப்படிப்பட்டவையல்ல.

அவை எழுந்த கதையே ஒரு சீர்திருத்தக் கதை. 1843-ல் டோரதியா டிக்ஸ் என்னும் பெண்மணி, பள்ளி ஆசிரியையாக இருந்தவர், மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். மாநிலம் முழுவதும் சிறைகளையும் ஏழை விடுதிகளையும் நேரிலே சென்று பார்த்து எழுதியது. சித்தம் கலங்கியவர்களைக் கூண்டிலும் நிலவறையிலும் அடைத்து, சங்கிலியிட்டு, அடித்து அடக்கி வைத்திருந்ததை ஊர் ஊராக எடுத்துக் காட்டினார். அந்தக் குரலுக்கு விடையாகத்தான் மாநிலந்தோறும் மருத்துவமனைகள் எழுந்தன. பிலடெல்பியா மருத்துவர் தாமஸ் கிர்க்பிரைட் 1854-ல் அவற்றுக்கென ஒரு கட்டிட முறையையே வகுத்தளித்தார். நடுவிலே அலுவலகம், இருபுறமும் படிப்படியாகப் பின்வாங்கி விரியும் சிறகுகள், ஒவ்வொரு கூடத்துக்கும் வெயிலும் காற்றும், சுற்றிலும் தோட்டம். கட்டிடமே மருந்தாகும் என்று நம்பினார் அவர். 250 பேருக்கு மேல் ஒரு மருத்துவமனையில் கூடாது என்றும் திட்டவட்டமாக எழுதினார்.

படக்காரரைச் சொக்க வைக்கும் அந்தச் சாய்வொளி இருக்கிறதே, அது நோயாளிக்காகத் திறந்த சன்னல் வழியே வருவது! இதைச் சொல்லும் படவிளக்கம் அரிது.

கோபுரத்துக்குத் தாராளமாகக் கொடுத்த அரசுகளுக்கு, ஊழியருக்கும் உணவுக்கும் கொடுக்க மனம் வரவில்லை. 1878-ல் திறந்த டான்வர்ஸ், ஏறத்தாழ 500 பேருக்கெனக் கட்டியது. 1930-களின் இறுதியில் அங்கே 2,000 பேருக்கு மேல்! நோயாளிகள் மட்டுமா? போக்கிடமற்ற முதியோர், வலிப்பு நோயினர், ஆங்கிலம் பேசத் தெரியாத குடியேறிகள், குடும்பத்துக்குச் சுமையாகிப் போனவர்கள் — எவரை வைத்துக்கொள்ள ஊருக்கு விருப்பமில்லையோ அவரெல்லாம் உள்ளே. 1955-ல் நாடு முழுவதும் அரசு மனநோய் மருத்துவமனைகளில் இருந்தவர்கள் 5 இலட்சத்து 59 ஆயிரம் பேர்.

இந்த இடத்திலே நாம் வேறு சில படங்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். அதே சுவர்கள், அதே கூடங்கள். ஆனால் மனிதர் உள்ளே இருந்தபோது எடுத்த படங்கள்.

இரண்டாம் உலகப் போரிலே, கொலைக்கருவி ஏந்த மாட்டோம் என்று மறுத்தவர்களில் ஏறத்தாழ 3,000 பேரை, மாற்றுப் பணியாக மனநோய் மருத்துவமனைகளுக்கு அனுப்பியது அமெரிக்க அரசு. அவர்களில் ஒருவர் சார்லஸ் லார்ட், குவேக்கர் நெறியினர். பைபெரியிலே ஊழியராக இருந்தபடியே, சட்டைக்குள் காமிராவை மறைத்து எடுத்துச் சென்று, படங்கள் எடுத்தார். வெற்றுடம்போடு வெறுந்தரையிலே குந்தியிருக்கும் மனிதர்கள், கூடம் நிறைய. 1946 மே திங்களில் 'லைஃப்' ஏடு அவற்றை வெளியிட்டபோது நாடு அதிர்ந்தது. 1965-ல் செனட்டர் ராபர்ட் கென்னடி, நியூயார்க்கின் வில்லோபுரூக் விடுதியைப் பார்த்துவிட்டு வந்து, பாம்புக் குழி என்றார். மனவளர்ச்சி குன்றியோர் என்று அன்று பெயரிடப்பட்ட குழந்தைகளின் விடுதி அது. 4,000 பேருக்கு உரிய இடத்திலே 6,000 பேர். அங்கேதான் 1956-லிருந்து பல ஆண்டுகள், மருத்துவ ஆராய்ச்சி என்னும் பெயரால், குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சட்காமாலைக் கிருமியை ஏற்றினர். எப்படியும் அந்த விடுதியிலே அவர்களுக்கு அது தொற்றத்தானே போகிறது என்பது அவர்கள் சொன்ன சமாதானம்! விடுதியைச் சுத்தம் செய்யலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. நாம் ஆராய்ச்சியாளரல்லவே.

கென்னடி பேசியது மிகை என்று எழுந்த கூச்சலைக் கேட்டுத்தான், பர்ட்டன் பிளாட் என்னும் பேராசிரியர், நண்பர் ஃபிரெட் கேப்லனை அழைத்துக்கொண்டு, அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாட்களிலே வேறு சில விடுதிகளுக்குச் சென்றார். கேப்லனின் இடுப்பு வாரிலே சிறு காமிரா மறைந்திருந்தது. 1966-ல் அந்தப் படங்கள் நூலாயின. 1968-ல் பில் பால்டினி என்னும் செய்தியாளர் பென்ஹர்ஸ்டின் உள்ளே நடப்பதை ஐந்து பகுதிகளாகத் தொலைக்காட்சியிலே காட்டினார். 1972-ல் ஜெரால்டோ ரிவேரா வில்லோபுரூக்கினுள் நுழைந்தார். எப்படி? வேலையினின்று நீக்கப்பட்ட மருத்துவர் ஒருவரிடம் எஞ்சியிருந்த சாவியைக் கொண்டு!

ஃபிரெடரிக் வைஸ்மன் கதை இன்னும் வேடிக்கையானது. மாசசூசெட்ஸின் பிரிட்ஜ்வாட்டரிலே, குற்றம் சாட்டப்பட்ட மனநோயாளிகளை வைத்திருந்த இடத்தைப் பற்றி 1967-ல் அவர் ஒரு திரைப்படம் எடுத்தார். உடையற்று நிற்கும் மனிதனைக் காவலர் சீண்டிச் சிரிப்பது அதிலே பதிவாகியிருந்தது. மாநில அரசு நீதிமன்றம் ஏறிற்று. நோயாளிகளின் அந்தரங்கமும் கண்ணியமும் கெடுகின்றனவாம், படத்தால்! சீண்டலால் கெடவில்லை, நிர்வாணத்தால் கெடவில்லை, படத்தால் கெட்டுவிட்டது! 1991 வரை அந்தப் படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டத் தடை இருந்தது.

ஆக, உள்ளே உயிர்கள் இருந்தபோது படமெடுக்கச் சென்றவர், திருடனைப்போல் ஒளிந்து செல்ல நேர்ந்தது. உயிர்கள் போன பிறகு செல்பவருக்குக் கலைஞர் பட்டம்! அந்தப் பழைய படங்களை வரவேற்பறையிலே மாட்டுவார் எவருமில்லை. அவற்றில் ஒளி சரியாக விழவில்லை. சில கலங்கிக் கிடக்கின்றன. ஆனால் அவைதாம் வழக்குகளை மூட்டின. சட்டமன்றங்களைக் கூசச் செய்தன. வில்லோபுரூக் வழக்கிலே 1975-ல் தீர்வு ஏற்பட்டது. 1977-ல் நீதிபதி ரேமண்ட் பிராடரிக், பென்ஹர்ஸ்டில் இருந்தோரின் அரசியலமைப்பு உரிமைகள் மீறப்பட்டுள்ளன என்று தீர்ப்பளித்தார். இரு விடுதிகளும் 1987-ல் மூடப்பட்டன. இன்றைய எழில் உபாசகருக்கு ஒரு காலிக் கூடம் கிடைத்திருக்கிறதென்றால், அன்று அந்தக் கலங்கிய படங்களை எடுத்தவர்களின் துணிவும் அதற்கு ஒரு காரணம். நன்றியறிதலாக ஒரு வரி எழுதலாம், படத்தின் கீழே. எழுதுவதில்லை.

எழுதாததோடு விட்டார்களா? பேயைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள்!

டான்வர்ஸில் எடுத்த ஒரு திகில் படம் 2001-ல் வெளிவந்தது. பென்ஹர்ஸ்டிலோ, 2010 முதல், அக்டோபர் திங்களில் வரும் ஹாலோவீன் பருவத்திலே, கட்டணம் வாங்கிக்கொண்டு பேய் மாளிகை நடத்துகிறார்கள். குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் கட்டிலோடு கட்டுண்டு கிடந்த இடத்திலே, வேடமிட்ட ஆட்கள் இருட்டிலிருந்து பாய்ந்து அலறுகின்றனர். சீட்டு வாங்கியவர் சிலிர்த்து மகிழ்கின்றனர். அங்கே வாழ்ந்து மீண்டவர்களும், ஊனமுற்றோர் உரிமைக்காகப் போராடுவோரும் எதிர்த்தார்கள். வியாபாரம் நிற்கவில்லை.

பகுத்தறிவாளர்களாகிய நாம் இதை நின்று கவனிக்க வேண்டும். பேய் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. பேயை எதற்காகப் படைக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் தேவை. பேய்க் கதையிலே நிதி நிலை அறிக்கை வராது. ஐம்பது குழந்தைகளுக்கு ஓர் ஊழியரை வைத்தது எந்த அரசு என்ற கேள்வி வராது. வழக்குத் தொடுக்காது பேய், இழப்பீடு கேட்காது, வாக்குச் சாவடிக்கும் வராது. உயிரோடு இருந்தபோது அவரை மனிதராக மதிக்காதவர்கள், செத்த பிறகும் மனிதராக விடாமல் பேயாக்கிவிட்டார்கள். பிராடரிக்கின் தீர்ப்பைப் படித்தவர் எத்தனை பேர், அந்தப் பேய் மாளிகைக்குச் சீட்டு வாங்கியவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால், நாகரிகத்தின் உச்சியிலே இருப்பதாகக் கூறிக்கொள்ளும் நாட்டின் உயரம் தெரிந்துவிடும்.

"வரலாற்றைப் பாதுகாக்கிறோம் ஐயா, நாங்கள்" என்பர் படக்கூட்டத்தார். கட்டிடம் இடிந்துபோனாலும் படமாவது எஞ்சுமே என்பர். டான்வர்ஸ் மருத்துவமனை 1992-ல் மூடப்பட்டு, 2006-ல் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு வாடகைக் குடியிருப்பாகிவிட்டது, உண்மைதான். ஆனால் வரலாறு என்று இவர்கள் காப்பது எதை? வாசற்கதவின் வேலைப்பாட்டை. கட்டிடத்தின் பின்புறம் சற்றுத் தொலைவு நடந்தால் மற்றொரு வரலாறு படுத்திருக்கிறது. அங்கே சாய்வொளி விழுவதில்லை. காமிராவும் அவ்வளவாகப் போவதில்லை.

ஜார்ஜியா மாநிலத்து மில்லெட்ஜ்வில் மருத்துவமனை நிலத்திலே புதைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 25,000 பேர் என்று மதிப்பிடுகின்றனர். ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஓர் இரும்பு முளை. முளையிலே ஓர் எண். பெயரில்லை. 1960-களில், புல் வெட்டும் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று, அந்த முளைகளையும் ஆயிரக்கணக்கிலே பிடுங்கி எறிந்துவிட்டனர்! நியூயார்க்கின் வில்லர்டிலே 5,700-க்கும் மேற்பட்டவர்கள் இதேபோல் எண்ணாகிப் புதைந்திருக்கின்றனர். அங்கே குழி வெட்டியவரும் ஒரு நோயாளிதான். ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவர். ஐம்பதாண்டு உள்ளேயே இருந்து, தம்மோடு இருந்தவர்களுக்கென ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழிகளைத் தம் கையாலே வெட்டினார். 1968-ல் அவர் இறந்தபோது, அவருக்கும் ஓர் எண்தான். அவர் பெயர் பொறித்த கல் வந்தது 2015-ல். மற்றவர்களின் பெயர்களைக் கேட்டு ஊரார் வேண்டியபோது, மாநில அரசு தர மறுத்தது. நோயாளிகளின் அந்தரங்கமாம்! பிரிட்ஜ்வாட்டர் வழக்கிலே கேட்ட அதே பாட்டு.

வில்லர்டைச் சொன்னால் பெட்டிகளையும் சொல்ல வேண்டும். 1995-ல் மருத்துவமனையை மூடியபோது, மாடிப் பரணிலே நானூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடந்தன. உள்ளே நுழைந்த நாளிலே நோயாளிகள் கொண்டுவந்து கொடுத்தவை. திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தவை. திரும்பிப் போகவே இல்லை. அவற்றை அருங்காட்சியகத்தார் காப்பாற்றினர். ஜான் கிரிஸ்பின் என்பவர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து படமெடுத்தார். துணி தைக்கும் நூற்கண்டு, கடிதக் கட்டு, அலங்காரச் சாமான், குடும்பப் படம். இவையும் கைவிடப்பட்ட பொருள்களின் படங்கள்தாம். ஆனால் இவற்றை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஏனெனில் அந்த நூற்கண்டைப் பார்க்கிறவன், நூற்றவள் யார் என்று கேட்காமல் நகர முடியாது. உரிந்த சுவரோ, எவரையும் எதையும் கேட்கவிடாமல் மயக்கிவிடுகிறது.

மற்றொன்றையும் மயக்கி மறைக்கிறது, அந்தக் காலிக் கூடம். எல்லாம் முடிந்துபோன கதை என்று சொல்கிறது. முடிந்ததா? 1963-ல் குடியரசுத் தலைவர் கென்னடி கையெழுத்திட்ட சட்டம், பெரிய விடுதிகளுக்கு மாற்றாக ஊர்தோறும் மனநல நிலையங்கள் அமையும் என்றது. திட்டமிட்ட 1,500-ல் பாதியளவே எழுந்தன. பெரிய விடுதிகளை மூடியது நன்று; அதிலே நமக்கு ஐயமில்லை. வெளியே வந்தவருக்கு வீடும் மருந்தும் துணையும் எங்கே? 5,59,000 பேர் கிடந்த அரசு மருத்துவமனைகளில் இப்போது 40,000 படுக்கைகள்கூட இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டச் சிறையும், சிகாகோவின் குக் மாவட்டச் சிறையும், அந்நாட்டின் மிகப் பெரிய மனநோய் விடுதிகளில் இடம்பெற்றுவிட்டன! டோரதியா டிக்ஸ் 1843-ல் எங்கிருந்து மீட்கச் சொன்னாரோ, அங்கேயே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அந்தச் சிறைக்குள்ளே சென்று படமெடுக்கட்டுமே எழில் உபாசகர்கள். அங்கே சுவர் உரிந்திருக்காது. விளக்குகள் இரவும் பகலும் எரியும். நாற்காலியிலே ஆள் இருப்பார்.

படமே எடுக்காதே என்று தடை போடுவதற்கு நாம் மாசசூசெட்ஸ் அரசல்ல. எடுக்கட்டும். எடுத்த கையோடு, எத்தனை பேருக்காகக் கட்டியது, எத்தனை பேரை அடைத்தது, எவர் வழக்காடி மூடினார், பின்புறத்திலே எத்தனை எண்கள் புதைந்துள்ளன என்று நான்கு வரி எழுதச் சொல்கிறோம். ஒளியும் நிழலும் கெட்டுவிடாது.

கெடாது என்பதற்கு ஆரிகன் மாநிலத்திலே சான்று இருக்கிறது. சேலம் நகரத்து மனநோய் மருத்துவமனையிலே, 1914 முதல் 1970-கள் வரை இறந்து, எரியூட்டப்பட்டு, கேட்பாரில்லாமல் போனவர்களின் சாம்பல், 3,500-க்கும் மேற்பட்ட செப்புக் குப்பிகளிலே அடைந்து கிடந்தது. நீர் பட்டுப் பட்டு, செம்பு பூத்து, நீலமும் பச்சையும் வெண்மையுமாகக் கோலமிட்டிருந்தது. டேவிட் மெய்செல் அவற்றைப் படமெடுத்து 2008-ல் நூலாக்கினார். அழகான படங்கள்தாம், ஒவ்வொரு குப்பியும் ஒரு கோளைப்போல் ஒளிர்கிறது. ஆனால் அங்கே அழகோடு விடவில்லை. 2004-ல் சட்டமன்றத்தினர் சிலர் அந்த அறையைக் கண்டு திகைத்து நின்றனர். உள்ளூர் நாளேடு விடாமல் எழுதி, அந்தத் தலையங்கங்களுக்காக 2006-ல் புலிட்சர் பரிசும் பெற்றது. குப்பிகளுக்கு உரியவர்களின் பெயர்ப் பட்டியலை மருத்துவமனையே உலகறிய வெளியிட்டது. 2014-ல் நினைவிடம் திறந்தார்கள், பெயர்களைப் பொறித்தார்கள். பட்டியலிலே தம் குடும்பத்துப் பெயரைக் கண்ட பேரனும் பேத்தியும், கேள்வியேபடாத பெரிய பாட்டியைத் தேடி அங்கே வந்தனர். நூற்றுக்கணக்கானவர்கள் இதுவரை வீடு திரும்பியிருக்கிறார்கள்.